மூன்று எண்ணும் நேரம்

போன மாரியில் பரிஸின் லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் றோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். நாலைந்து இளசுகள் வந்து என் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். குறும்படம் எடுக்கிறவர்களாம். எல்லோரும் இங்கே பிறந்தவர்கள். தங்களுக்குள் பிரெஞ்சு, என்னோடு மட்டும் தமிழ். ஆரணி என்ற பிள்ளை தன் கைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். அதில் நான் இருந்தேன். சாயம் பூசிய மீசையோடு ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்காமல்.

"அங்கிள், பதினொரு செக்கன் கதைக்காமல் இருக்கிறியள். நாங்கள் எண்ணிப் பாத்தனாங்கள். வ்றைமான், உண்மையா, எப்பிடிச் செய்தனீங்கள்?"

அந்தப் பழைய தொலைக்காட்சி நாடகத் துண்டை யாரோ இணையத்தில் ஏற்றிவிட, நிறையப் பேர் பார்த்து 'நடிப்பென்றால் இது' என்று கீழே எழுதியிருக்கிறார்களாம். "எல்லாம் பழக்கம்தான் பிள்ளை" என்று மழுப்பிவிட்டு எழும்பி வந்தேன். சார்செலில் ரயிலை விட்டு இறங்கும்வரை எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது. வயது எழுபதைத் தொடுகிறது. இனியும் மழுப்பி எதைக் காப்பாற்றப் போகிறேன்? அவர்கள் கேட்ட கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பிந்திவிட்டது.

நான் நடிகனான கதை சுருக்கமானது. ஊரில் பள்ளிக்கூட மேடை, திருவிழாவில் இரண்டு சமூக நாடகம், பிறகு கப்பல், விமானம், கள்ளப் பாதை, பரிஸ். இருபது வருடத்துக்கு மேல் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினேன், மரக்கறி வெட்டினேன், கடைசியில் சூப் கிண்டும் அளவுக்கு உயர்ந்தேன். இடையில் சங்கங்களின் ஆண்டு விழாக்களில் நாடகம். பொன்னாடை பதினேழு கிடைத்தது. ஒன்றுகூடக் குளிருக்கு உதவாது.

2009ஆம் ஆண்டின் கடைசியில், ஊரில் போர் முடிந்து சனம் வாயடைத்துப் போயிருந்த நேரத்தில், லாச்சப்பலில் ஒரு சின்னத் தொலைக்காட்சி தொடங்கினார்கள். சேலைக்கடை ஒன்றின் கீழே நிலவறை, அதுதான் கலையகம். ஒரே ஒரு கமரா. படத்தை வெட்டி ஒட்டத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நாடகம் நேரடியாகவே போகும். பிழைத்தால் பிழைத்ததுதான், ஐரோப்பா முழுக்கப் பார்க்கும்.

நாடகத்தின் நீளம் இருபத்தைந்து நிமிடம். கலை நோக்கில் வந்த அளவு அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மீன்கடையின் குளிரறை. அதன் மோட்டார் இரைந்தால் எங்கள் குரல் கேட்காது. கடைக்காரர் எங்கள் மேல் இரக்கப்பட்டு ஞாயிறுதோறும் இருபத்தைந்து நிமிடம் நிறுத்தித் தருவார். "அதுக்கு மேலை எண்டால் என்ரை விளைமீன் பழுதாப் போகும், நாடகமும் மணக்கும்" என்று சொல்லிவிட்டார். இருபத்தாறாவது நிமிடத்தில் யார் செத்துக்கொண்டிருந்தாலும் மோட்டார் தொடங்கிவிடும்.

எங்கள் இயக்குநர் குணம் மாஸ்டர். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சத்தம் போட மாட்டார். யாராவது பிழைவிட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவு போதும், எங்களுக்கு வியர்த்துவிடும். நன்றாகச் செய்தால் "காணும்" என்பார். அதற்கு மேல் ஒரு பாராட்டை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

அவருடைய முறை ஒன்று உண்டு. ஒற்றைக் கமரா ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் திரும்பி நிலைக்க மூன்று எண்ணும் நேரம் எடுக்கும். ஆகவே கனமான வசனம் ஏதும் வருமுன் நடிகன் மூன்று எண்ணிக் காத்திருக்க வேண்டும். மாஸ்டர் கமராவுக்குப் பக்கத்தில் நின்று, வலது கையின் மூன்று விரல்களால் தன் தொடையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டுவார். மூன்றாவது தட்டில் கமரா உன் முகத்துக்கு வந்துவிடும். அப்போதுதான் வாயைத் திறக்கலாம். "உணர்ச்சியை நீர் பாரும், நேரத்தை நான் பாக்கிறன்" என்பார். கமராவின் குறையை மறைக்கக் கண்டுபிடித்த வழிதான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அந்த இடைவெளியில் அழுகை வரும். நாங்களும் நாளடைவில் அதை எங்கள் திறமை என்றே நம்பிவிட்டோம்.

நான் அதில் தம்பிராசா மாமா. ஊரார் பிரச்சினையை எல்லாம் தீர்த்துவைக்கிற மனிதர். நாடகம் முடிந்ததும் தொலைபேசி நேரம். சனம் அழைக்கும், நான் வேடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். முதலில் நாடகத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். பிறகு மகளின் கலியாணம், மருமகனின் குடி, வீட்டுக்காரன் தரும் தொல்லை என்று தங்கள் உண்மையான பிரச்சினைகளைக் கேட்கத் தொடங்கினார்கள். நானும் கூச்சமில்லாமல் தீர்ப்புச் சொன்னேன். சொந்த வீட்டில் ஒரு கதவுப் பூட்டைக்கூட ஒழுங்காகத் திருத்தத் தெரியாதவன்.

யோகராணி எங்களிடம் வந்தது இரண்டாவது வருடத்தில். வயது நாற்பதுக்குள். லா கூர்னெவில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியாக நடிக்க ஆள் தேவைப்பட்டது. தட்டோடு வந்து, "மாமா, தேத்தண்ணி குடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். வாரம் ஒரே ஒரு வசனம். அதை அவள் நடிப்பு இல்லாமல், உண்மையாகவே தேத்தண்ணீர் கொடுக்கிறவள் போலச் சொல்லுவாள். மாஸ்டர் முதல் நாளே "காணும்" என்றார்.

அவளுடைய புருசன் ரவி கடைசிச் சண்டையில் செத்துப்போனார். போர் முடிந்து சனத்தை அடைத்துவைத்த முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு அவளை இரண்டு தடவை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் தடவை தேடி வந்தபோது அவள் வீட்டில் இல்லை. மூன்று வயது மகள் மதுராவைத் தமக்கையிடம் விட்டுவிட்டு இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டாள். அதை நிராகரித்துவிட்டார்கள். சொன்னது தெளிவில்லையாம், திகதிகள் பொருந்தவில்லையாம். இனி மேன்முறையீட்டு மன்றம்தான். அங்கே வென்றால் வதிவிட காட் கிடைக்கும், மகளைக் கூப்பிடலாம். தோற்றால் மகள் அங்கே, இவள் இங்கே. அதற்கு மேல் வழி இல்லை.

ஒரு ஞாயிறு, மோட்டார் தொடங்கிய பிறகு, என்னிடம் வந்து கேட்டாள்.

"அண்ணை, எல்லாருக்கும் யோசனை சொல்லுறியள். எனக்குக் கோட்டிலை எப்பிடிக் கதைக்கிறதெண்டு சொல்லித் தருவியளே?"

என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது இரக்கம் அல்ல, பெருமைதான். ஒரு நடிகனிடம் கேட்கிறாள் என்ற பெருமை. மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐசே, அவவின்ரை கதைக்கு டைரக்டர் தேவையில்லை. உதை விடும்."

நான் விடவில்லை. ஆறு சனிக்கிழமைகள் அந்த நிலவறையில் ஒத்திகை. ஓர் அரிசி மூட்டையில் நீதிபதியாக நான் உட்கார்ந்திருப்பேன். அவள் எதிரே ஒரு முக்காலியில்.

முதல் நாள் அவள் கதையை பால்மா அடைத்த ஒரு தகரப் பேணியிலிருந்து தொடங்கினாள். குழந்தைக்கு வைத்திருந்த பேணியை அவசரத்தில் பதுங்குகுழியில் விட்டுவிட்டாள். பாதித் தூரம் வந்த பிறகுதான் நினைவு வந்தது. ரவி திரும்பிப் போனார். போகும்போது ஏசிவிட்டுப் போனார்: "உனக்கு ஒருநாளும் ஒண்டும் நினைவிராது." சாரம் நழுவுகிறதென்று ஒரு கயிற்றுத் துண்டால் இடுப்பில் கட்டியிருந்தார். கயிறு நீல நிறம். ஷெல் விழுந்தது. இவ்வளவையும் அவள் கண்ணில் ஒரு துளி இல்லாமல், சந்தையில் மீன் வாங்கிய கதை சொல்வதுபோலச் சொன்னாள். இடையில் முகாம் வந்தது, பிறகு திரும்பவும் பேணி வந்தது, திகதி ஒன்றும் வரவில்லை.

இதை யார் நம்புவான் என்று நினைத்தேன்.

ஆகவே வெட்டினேன். பொய் ஒன்றும் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு நான் கெட்டவன் இல்லை. முதலில் இடம், பிறகு நாள், பிறகு சம்பவம் என்று ஒழுங்குபடுத்தினேன். நீலக் கயிறு தேவையில்லை என்றேன். ஏச்சுக்கு வந்தபோது நிறுத்தினேன்.

"உதையும் விடும் தங்கச்சி. மனுசன் கடைசியாக் கதைச்சது ஏச்செண்டால் கேக்கிறவைக்கு அவரிலை இரக்கம் வராது."

"அவர் அப்பிடித்தானே அண்ணை சொன்னவர்?"

"சொன்னவர்தான். ஆனால் சீனுக்கு உதவாது."

சீன் என்று சொன்னேன். அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

அடுத்தது அந்த இடைவெளி. "அவர் பேணியை எடுக்கத் திரும்பிப் போனவர்" என்றதும் நிறுத்த வேண்டும். மூன்று எண்ண வேண்டும். பிறகு தாழ்ந்த குரலில், "திரும்பி வரேல்லை." மாஸ்டர் அங்கே இல்லாததால் அவளையே தன் தொடையில் தட்டிக்கொள்ளச் சொன்னேன். நாலாவது சனிக்கிழமை அந்த மூன்றாவது தட்டில் அவள் கண்ணில் நீர் வந்தது. ஐந்தாவது சனிக்கிழமையும் அதே இடத்தில் வந்தது. நான் கைதட்டினேன்.

அகதி விண்ணப்பத்தின் முதல் விசாரணையில் அவள் சொன்னதெல்லாம் பிரெஞ்சில் எழுதிய ஒரு கட்டு, அந்த ஆறு சனிக்கிழமையும் அவளுடைய கைப்பையில் இருந்தது. நான் அதை வாங்கிப் பார்க்கவில்லை. ஒரு நாடகத்துக்கு இரண்டு பிரதி எதற்கு என்ற எண்ணம்.

மேன்முறையீட்டு விசாரணை நாளன்று பின்வரிசையில் நானும் இருந்தேன். வேண்டியவர்கள் போய் இருந்து கேட்கலாம். மேடை மாதிரி உயர்ந்த இடத்தில் ஒரு பெண் நீதிபதி, இரண்டு பக்கமும் இருவர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். யோகராணி நன்றாகச் சொன்னாள். மிக நன்றாகச் சொன்னாள். இடம், நாள், சம்பவம். "பேணியை எடுக்கத் திரும்பிப் போனவர்" என்றாள். அவளுடைய வலது கை பாவாடைக்கு மேல் மூன்று தடவை தட்டியதை நான் பார்த்தேன். நீதிபதியும் பார்த்தார். பிறகு நீர் வந்தது, வசனம் வந்தது. என் உதடும் கூடவே அசைந்தது.

நீதிபதி தன்னிடமிருந்த அந்தப் பிரெஞ்சுக் கட்டின் பிரதியைப் புரட்டினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். கடுமையாக அல்ல, மெதுவாகத்தான் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

"போகேக்கை உங்கடை கணவர் என்ன சொன்னவர்?"

யோகராணி திரும்பி என்னைப் பார்த்தாள். கலையகத்தில் வசனம் தடுமாறினால் மாஸ்டரைப் பார்ப்பாளே, அதே பார்வை. நான் வெட்டிய இடம் அது. சொல்லலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓம், சொல்லும் என்று ஒரு தலையசைப்புப் போதும், எனக்கு அதுகூட வரவில்லை. அவள் முன்பக்கம் திரும்பினாள்.

"ஒண்டும் சொல்லேல்லை."

நீதிபதியின் விரல் அந்தக் கட்டில் ஒரு வரியில் இருந்தது. அந்த வரியில் என்ன இருந்தது என்று பிறகு சட்டத்தரணி சொன்னார். கணவர் தன்னை ஏசிவிட்டுப் போனார் என்று முதல் விசாரணையில் அவள் சொல்லியிருக்கிறாள். என்ன ஏசினார் என்பதுகூட எழுதியிருந்தது.

சில வாரத்தில் முடிவு வந்தது. நிராகரிப்பு. மனப்பாடம் செய்த கதை, முன்பு சொன்னதற்கு முரண். அந்த நீதிபதியை நான் குறை சொல்ல மாட்டேன். தன் முன்னால் நடந்தது நடிப்பு என்று கண்டார், அது நடிப்புத்தான். உண்மையான ஒரு கதையை எடுத்து, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடித்தவன் நான்.

முடிவு வந்த கிழமையும் ஞாயிறு வந்தது. அவள் வழமைபோல வந்து தட்டில் கோப்பையை வைத்துத் தேத்தண்ணீர் ஊற்றினாள். என்னோடு கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றைய நாடகத்தில், பிரிந்து போன தம்பியைப் பற்றி நான் ஒரு கனமான வசனம் பேச வேண்டும். மாஸ்டர் தொடையில் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. கமரா என் முகத்துக்கு வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த விரல்கள்தான். பாவாடைமேல் தட்டிய விரல்கள். வசனம் போய்விட்டது. தம்பியும் இல்லை, நாடகமும் இல்லை. ஆரணி, நீங்கள் எண்ணிப் பார்த்த பதினொரு செக்கன் அதுதான். அதில் ஒரு துளி நடிப்பும் இல்லை. உங்கள் துண்டு அதோடு முடிகிறது. பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் பார்க்கவில்லை. யோகராணி தன் முறை வருமுன்னமே தட்டோடு உள்ளே வந்தாள்.

"மாமா, தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ."

குடித்தேன். பாதி சட்டையில் ஊற்றுப்பட்டது. மீன்கடை மோட்டார் தொடங்கும் வரை மற்றவர்கள் எப்படியோ இழுத்து முடித்தார்கள். மாஸ்டர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீர் கொஞ்ச நாள் வீட்டிலை நில்லும்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவேயில்லை. இரண்டு வருடத்தில் அந்தக் கட்டடம் கைமாறியது, தொலைக்காட்சியும் மூடிக்கொண்டது. நான் ஓய்வெடுக்கும் வரை சூப் கிண்டினேன்.

அவளுக்கு அடுத்த வாய்ப்பு வர நாலு வருடம் எடுத்தது. அந்த நாலு வருடமும் கூசேன்வில்லில் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, தன் பிள்ளையோடு தொலைபேசியில் பேசினாள். ஊரில் திரும்பவும் அவளைத் தேடி வந்தார்கள் என்று தமக்கை கடிதம் அனுப்ப, அதை வைத்து வழக்கைத் திரும்பத் திறந்தார்கள். புது விசாரணை நாளில் நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"வாசல்வரைக்கும் வாங்கோ அண்ணை. உள்ளை வராதேங்கோ."

வாசலில் நின்றேன். இரண்டு மணித்தியாலம் கழித்து வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"எல்லாத்தையும் குழப்பிப் போட்டன் அண்ணை. பேணியிலையிருந்து தொடங்கி, கயிறு, ஏச்சு எல்லாம் சொல்லிப் போட்டன். திகதியைக் கேட்க, தெரியாதெண்டிட்டன்."

இந்த முறை காட் கிடைத்தது. அதற்குப் பிறகும் கடதாசி வேலைகள் இழுபட்டு, மதுரா வந்து இறங்கும்போது பதினொரு வயது. விமான நிலையத்தில் அவள் தாயை அடையாளம் கண்டு ஓடிவரவில்லை. கைநீட்டி, "வணக்கம் அம்மா" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏழு வயதில் வந்திருக்க வேண்டிய பிள்ளை.

இந்த வைகாசியில் ரவியின் நினைவு நாளுக்கு லா கூர்னெவ் போனேன். இப்போது அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வீடு. ரவியின் படம், விளக்கு, வாழையிலையில் படையல். வந்திருந்தவர்களில் ஒருவர் ரவியைப் பற்றிக் கேட்டார். யோகராணி சொல்லத் தொடங்கினாள். பேணி வந்தது. நீலக் கயிறு வந்தது. "உனக்கு ஒருநாளும் ஒண்டும் நினைவிராது" என்று அவர் ஏசியதைச் சொல்லிச் சிரித்தாள். எல்லாம் அவளுடைய ஒழுங்கிலேயே வந்தது. நான் உள்ளுக்குள் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

"எடுக்கத் திரும்பிப் போனவர்" என்றாள்.

அவளுடைய வலது கை மேசை விளிம்பில் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு குரலைத் தாழ்த்தி, "திரும்பி வரேல்லை" என்றாள். கண்ணில் நீர் வந்தது.

தான் தட்டியது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். மதுரா என் பக்கத்தில் இருந்தாள். பதினேழு வயது. தகப்பனின் முகம் அவளுக்கு நினைவில்லை. தாய் சொல்லும் இந்தக் கதைதான் அவளுக்குத் தகப்பன். என் காதோடு மெல்லச் சொன்னாள்:

"அம்மா எப்பவும் இதிலை ஒருக்கா நிப்பாட்டுவா, மாமா. எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும். அப்ப அப்பா இன்னும் நடந்துகொண்டிருக்கிற மாதிரி."

"ஓம் பிள்ளை" என்றேன். அந்த இடைவெளி ஒரு பழைய கமரா திரும்புவதற்காக வைத்தது என்றும், அதை உன் அம்மாவுக்குள் வைத்தவன் நான்தான் என்றும், உன் நாலு வருடம் அதிலேதான் போனது என்றும் அந்தப் படத்துக்கு முன்னால் இருந்து எப்படிச் சொல்வேன்? ஆகவேதான் எழுதினேன். மதுரா ஊரில் படித்த பிள்ளை. தமிழ் நன்றாக வாசிப்பாள்.